தாடைக்குள் ஒரு பழுப்புச் சாட்சி

பல் முளைக்க வேண்டிய இடத்தில் கட்டி முளைக்கிறது. சுரண்டி எடுத்தால் போதுமா, எலும்பையே வெட்ட வேண்டுமா? விடை மெழுகில் பதித்த ஒரு துணுக்குத் திசுவில் இருக்கிறது. அதைப் பேசவைக்கப் புரதங்களின் உதவி தேவைப்படுகிறது.

வலி இல்லை. அதுதான் சங்கடமே. கீழ்த்தாடையில் கடைவாய்ப் பக்கம் லேசாக உப்புகிறது. ஒரு பக்கக் கன்னம் கொஞ்சம் பெருத்த மாதிரி தெரிகிறது. கண்ணாடியில் பார்ப்பவர் சதை போட்டிருப்பதாக நினைக்கிறார். வீட்டில் உள்ளவர்கள் பல் வீக்கம் என்கிறார்கள். கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை என்று மாதங்கள் ஓடுகின்றன. சிலருக்கு வருடங்கள். பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் பல் டாக்டரின் ஞாபகம் வருகிறது. அவர் எக்ஸ்ரே எடுக்கிறார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் சோப்பு நுரைக் குமிழிகளைப் போல வட்டம் வட்டமாகக் கறுப்பு.

இந்தியாவின் பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு இது பழகிய காட்சி. கட்டியின் பெயர் அமிலோபிளாஸ்டோமா. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களை அதிகம் பிடிக்கிறது. பத்தில் எட்டு கீழ்த்தாடையில், பெரும்பாலும் கடைவாய்ப் பற்களின் பின்புறத்தில் வருகிறது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல் திசுவிலிருந்து எழும் கட்டிகளில் முன்வரிசையில் நிற்பது இதுதான்.

இதைப் புகையிலையோடு முடிச்சுப் போடுவது தவறு. இந்தியாவில் வாய்க்குள் கட்டி என்றாலே குட்காவும் வெற்றிலைப் புகையிலையும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பயத்துக்கு நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் புற்று வாயின் உள்தோலில் பிறப்பது. இது எலும்பின் உள்ளே பிறப்பது. பாக்கைக் கண்ணால்கூடப் பார்க்காதவருக்கும் வரும். பல் உருவாகும் பருவத்தில் எனாமலைப் போர்த்துவதற்காக வந்த செல்களின் பரம்பரை, வேலை முடிந்ததும் ஒழிந்துபோக வேண்டியது, தாடையில் மிச்சசொச்சமாகத் தங்கிவிடுகிறது. பல காலம் கழித்து அது பெருகத் தொடங்குகிறது. எனாமல் மட்டும் உண்டாவதில்லை.

மருத்துவ உலகம் இதை அறிந்து இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது. 1827-ல் கியூசாக் இதை முதலில் விவரித்ததாகச் சொல்வது வழக்கம். 1885-ல் பிரான்ஸின் மாலசே இதற்கு அடமன்டினோமா என்று பெயர் வைத்தார். வைரம்போலக் கடினமான எனாமலை நினைத்து வைத்த பெயர், கட்டியோ மெத்தென்றது. 1930-ல் ஐவியும் சர்ச்சிலும் இன்றைய பெயரைக் கொடுத்தார்கள்.

இதன் குணம் விசித்திரமானது. கணக்குப்படி இது 'சாது' வகை, அதாவது புற்று அல்ல. ஆனால் எலும்பின் மஜ்ஜை இடுக்குகளில் விரலை நுழைப்பதுபோல நுழைகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் எல்லையைத் தாண்டியும் அதன் நுனிகள் போயிருக்கும். சுரண்டி எடுத்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது என்று காட்டிய ஆய்வுகள் நிறைய. திரும்பி வருவது உடனேயும் நடக்கலாம், 10 வருடம் கழித்தும் நடக்கலாம். அதனால்தான் அறுவை நிபுணர்கள் கட்டியின் எல்லைக்கு அப்பால் 1 முதல் 2 சென்டிமீட்டர்வரை நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் கால் எலும்பு ஒன்றை, அதன் ரத்தக் குழாயோடு எடுத்துவந்து பொருத்துகிறார்கள். 1989-ல் அமெரிக்காவின் ஹிடால்கோ தாடைக்குச் செய்துகாட்டிய முறை அது. பிரமாதமான வித்தைதான். ஆனாலும் கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம், அல்லது தினக்கூலிக்குப் போகும் ஒருவரிடம், பாதித் தாடையை எடுத்துவிட்டுக் காலிலிருந்து எலும்பு வைப்போம் என்று சொல்வது சுலபமான காரியமல்ல.

எனவே முதல் கேள்வி: இது அதுதானா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நோயாளியைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அவர் பேதாலஜிஸ்ட். வாயிலிருந்து வெட்டிய சிறு துணுக்கு ஃபார்மலின் பாட்டிலில் அவரிடம் வருகிறது. அதை மெழுகில் பதித்து, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, இரண்டு சாயங்களில் தோய்க்கிறார்கள். ஹிமடாக்சிலின், மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் வைரத்திலிருந்து எடுப்பது, செல்லின் உட்கருவை நீலமாக்குகிறது. இயோசின் மற்றதை ரோஜா நிறமாக்குகிறது. நூறு வருடத்துக்கு மேல் பழகிய இந்த நீலமும் ரோஜாவும்தான் இன்றும் பெரும்பாலான நோயாளிகளின் தலைவிதியை எழுதுகின்றன.

பெரும்பாலும் அது போதும். விளிம்புச் செல்கள் வேலிக்கம்புகளைப்போல வரிசையாக நிற்கின்றனவா, உட்கரு வழக்கமான இடத்தை விட்டு எதிர்முனைக்கு ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். 1970-ல் விக்கர்ஸும் கோர்லினும் வகுத்துக் கொடுத்த அடையாளங்கள் இவை. அனுபவசாலிக்கு ஒரு நிமிடம் போதும்.

தகராறு வருவது நீர்க்கட்டியில்தான். முளைக்காத பல்லைச் சுற்றி ஒரு பை. உள்ளே திரவம். எக்ஸ்ரேயில் ஒரே வட்டம். வயது பதினெட்டு, இருபது. இது டென்டிஜெரஸ் என்னும் அப்பாவி நீர்க்கட்டியாக இருக்கலாம். எடுத்துப் போட்டால் தீர்ந்தது. கெரடோசிஸ்ட் என்னும் அடம்பிடிக்கும் வகையாக இருக்கலாம். எடுத்தாலும் திரும்பும் பழக்கம் உள்ளது. அல்லது நீர்க்கட்டி வேடம் போட்ட அமிலோபிளாஸ்டோமாவாக இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பயாப்ஸிக்கு வந்ததோ மிளகளவு துணுக்கு. அதிலும் சீழ் பிடித்திருந்தால் செல்களின் முகம் கலைந்துபோயிருக்கும். நீலமும் ரோஜாவும் இங்கே வாயடைத்துப் போகின்றன.

இங்கேதான் புரதங்கள் சாட்சிக் கூண்டில் ஏறுகின்றன. ஒவ்வொரு வகைச் செல்லும் தன் வேலைக்கேற்ற சில புரதங்களைச் செய்கிறது. நோயுற்ற செல் செய்யும் சரக்கு மாறுகிறது. அந்தப் புரதம் எந்தச் செல்லில், எவ்வளவு, எங்கே இருக்கிறது என்பதைத் தகட்டின் மேலேயே கண்ணால் பார்க்க முடிந்தால் வேஷம் கலைந்துவிடும் என்பதுதான் யோசனை. இதைச் செய்யும் கருவி நம் உடம்பிலேயே இருக்கிறது. உடம்பு ஒவ்வொரு அன்னியப் பொருளுக்கும் ஒரு எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. பூட்டுக்குச் சாவிபோல அது தனக்குரிய பொருளைத் தவிர வேறெதையும் பற்றாது. அந்த எதிர்ப்பொருளின் வாலில் ஒரு விளக்கைக் கட்டிவிட்டால்?

1941-ல் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் அதைத்தான் செய்தார். ஒளிரும் சாயத்தைக் கட்டினார். இருட்டறையும் விசேஷ நுண்ணோக்கியும் இருந்தால்தான் பார்க்க முடிந்தது, ஒளியும் மங்கிவிடும். 1960-களில் சாயத்துக்குப் பதில் ஒரு நொதியைக் கட்டினார்கள். அது தன்மேல் ஊற்றும் ரசாயனத்தைப் பழுப்பு நிறமாக்கும். சாதாரண நுண்ணோக்கி போதும், தகட்டை வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆனால் விலங்குகளின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் கலப்படச் சரக்கு; ஒரு முயலுக்கும் இன்னொரு முயலுக்கும் வித்தியாசம். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே குணமுள்ள எதிர்ப்பொருளை அளவில்லாமல் செய்துகொள்ளும் வழியைக் கண்டார்கள். 1984-ல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

கடைசி முட்டுக்கட்டை ஃபார்மலின். அது திசுவை அழுகாமல் காக்கும்போதே புரதங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுகிறது. சாவி நுழைய துவாரம் இல்லாமல் போகிறது. 1991-ல் ஷி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் தகட்டை உப்புக் கரைசலில் போட்டு மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிப் பார்த்தார்கள். முடிச்சு அவிழ்ந்தது. சமையலறைச் சாமான் ஒன்று பேதாலஜியில் செய்த புரட்சி அது. அலமாரிகளில் தூங்கிய பழைய மெழுகுக் கட்டிகள் எல்லாம் ஒரே நாளில் ஆராய்ச்சிப் பொருள் ஆயின. இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளின் அலமாரிகளும் அதில் அடக்கம்.

முதலில் பிரபலமானது கிஐ-67. ஜெர்மனியின் கீல் நகரில் கெர்டஸ் குழுவினர் 1983-ல் அறிவித்தது. நகரின் பெயரிலிருந்து 'கிஐ'. சோதனைத் தட்டில் 67-வது குழியில் கிடைத்ததால் 67. செல் பிரிந்து பெருகும் வேலையில் இறங்கியிருந்தால் மட்டுமே உட்கருவில் இந்தப் புரதம் தென்படும். ஓய்வில் இருக்கும் செல்லில் தென்படாது. 100 செல்லில் எத்தனை பழுப்பு என்று எண்ணினால் கட்டியின் வேகம் தெரிந்துவிடும்.

தாடையில் இதன் உச்சம் பர்கிட் லிம்போமா. 1958-ல் உகாண்டாவில் டாக்டர் டெனிஸ் பர்கிட் குழந்தைகளின் தாடைகளில் கண்டு எழுதிய புற்று அது. அநேகமாக எல்லாச் செல்லும் பழுப்பாகிவிடும். தகட்டைப் பார்த்ததுமே டெலிபோனை எடுக்க வேண்டிய அவசரம். ஆனால் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது.

கெரடோசிஸ்டின் கதை வேறு. அதன் தோலில் கிஐ-67 மற்ற நீர்க்கட்டிகளைவிட அதிகம் என்று ஆய்வுக்குமேல் ஆய்வு சொன்னது. பி53 என்ற காவல் புரதமும் பழுப்பாகத் தெரிந்தது. நல்ல நிலையில் பி53 சீக்கிரம் அழிந்துவிடும், கண்ணில் படாது. அதன் மரபணு பழுதானால்தான் செல்லில் தேங்கும் என்பது பாலபாடம். ஆகவே கெரடோசிஸ்டிலும் மரபணு பழுது என்று முடிவு கட்டப் பார்த்தார்கள். தேடினால், பழுது இல்லை. காவல்காரர் ஓவர்டைம் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். பழுப்பு நிறம் ஒரு சாட்சி; தீர்ப்பு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இதற்கிடையே 1996-ல் கோர்லின் நோய்க்குறிக்குக் காரணமான மரபணு பிடிபட்டது. பரம்பரையாக வரும் இந்த நோயில் தாடை முழுக்கக் கெரடோசிஸ்டுகள் தோன்றுகின்றன, தோலிலும் புற்று வருகிறது. மரபணுவின் பெயர் பிடிசிஎச்-1. முள்ளெலி என்று அர்த்தம் தரும் 'ஹெட்ஜ்ஹாக்' சமிக்ஞைப் பாதையின் பிரேக் அது. பழ ஈயின் புழுவில் முதலில் கண்ட பாதை. பிரேக் பிடிக்காவிட்டால் செல் ஓடுகிறது. இதையெல்லாம் வைத்து உலக சுகாதார நிறுவனம் 2005-ல் கெரடோசிஸ்டை நீர்க்கட்டிப் பட்டியலிலிருந்து எடுத்துக் கட்டிப் பட்டியலில் போட்டது. பெயரும் மாறியது. 2017-ல் மறுபடியும் நீர்க்கட்டியாக்கியது. பன்னிரண்டு வருடம் கட்டியாக இருந்து திரும்பி வந்த நீர்க்கட்டி மருத்துவ நூல்களில் அபூர்வம். அந்த இடைவெளியில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் இன்னும் பழைய பெயரைச் சொல்லி நோயாளியைக் கலங்க வைப்பதுண்டு.

அமிலோபிளாஸ்டோமாவைக் காட்டிக்கொடுக்க வந்த சாட்சிகளில் ஒன்று கால்ரெடினின். கால்சியத்தைப் பிடிக்கும் புரதம். நரம்புச் செல்களின் சொத்து. அது பல் கட்டிக்குள் என்ன செய்கிறது என்பது ஒருபுறம் இருக்க, நீர்க்கட்டி வேடம் போட்ட அமிலோபிளாஸ்டோமாவின் மேலடுக்குச் செல்களில் அது பழுப்பாகத் தெரிகிறது, கெரடோசிஸ்டில் பொதுவாகத் தெரிவதில்லை என்று 2000-ஐ ஒட்டிய வருடங்களில் தெரியவந்தது. பேதாலஜிஸ்டுகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பிறகு விதிவிலக்குகளும் வந்து சேர்ந்தன.

இந்தியாவில் வாய் நோய்க்கூறியலில் எம்.டி.எஸ். படிக்கும் மாணவர் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எழுதியே ஆக வேண்டும். கல்லூரி அலமாரியில் மெழுகுக் கட்டிகள் தயாராக இருக்கின்றன. எதிர்ப்பொருள் கிட் ஒன்று வாங்கினால் போதும். விளைவு: இந்தப் புரதம் அந்தக் கட்டியில், அந்தப் புரதம் இந்த நீர்க்கட்டியில் என்று கட்டுரைகள் குவிகின்றன. சின்டெகன், எம்எம்பி-9, சிடி10, பிசிஎல்-2, போடோபிளானின் என்று பெயர்ப் பட்டியல் நீளும். 20 மாதிரி, 30 மாதிரி. 'மேலும் பெரிய ஆய்வுகள் தேவை' என்று கடைசி வரி. பெரிய ஆய்வு மட்டும் வருவதில்லை. தேர்வு எழுதி முடித்த மாணவர் கிளினிக் திறக்கிறார். நோயாளிகளை 10 வருடம் தொடர்ந்து பார்த்து யாருக்குக் கட்டி திரும்பியது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. புரதம் அதிகமாக இருந்தவருக்குத்தான் கட்டி திரும்பியதா என்று தெரியாத வரையில், அந்த எண்ணிக்கை நோயாளிக்கு உதவாது. ஆனால் மெனக்கெட்டது முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது: கண்ணையும் கையையும் பழக்கிய ஒரு தலைமுறை அப்படித்தான் உருவானது.

கை பழகினாலும் பழுப்பு நிறம் மனசுபோலத் தோன்றும். துணுக்கு ஃபார்மலினில் இரண்டு நாள் கிடந்ததா, இரண்டு வாரமா? தாடைத் திசுவில் எலும்பு இருந்தால் அதைச் சீவுவதற்கு முன் அமிலத்தில் ஊறவைத்து இளக்க வேண்டும். அமிலம் புரதத்தையும் கெடுத்துவிடும். எண்ணுவதிலும் ஆளுக்கொரு கணக்கு. ஒருவர் அதிகம் பழுப்பான இடத்தைத் தேடி எண்ணுகிறார், இன்னொருவர் பரவலாக எண்ணுகிறார். ஒருவர் வெளிர்ப் பழுப்பையும் சேர்த்துக்கொள்கிறார். ஒரே தகட்டுக்கு இரண்டு எண்கள் வருவதில் ஆச்சரியமில்லை. ரிப்போர்ட்டில் ஒரு சதவீதத்தைப் பார்த்துப் பதறும் நோயாளிக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

சில இடங்களில் சாயமே வேண்டாம். தாடையில் ராட்சதச் செல்கள் நிறைந்த கட்டி ஒன்று உண்டு. கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்தாலும் எலும்பு கரைந்து அச்சாக அதே தோற்றத்தில் 'பழுப்புக் கட்டி' உண்டாகும். நுண்ணோக்கியில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பிரித்துச் சொல்வது ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் எவ்வளவு என்ற சோதனை. கோளாறு கழுத்தில் இருக்கும்போது தாடையை வெட்டிவிடாமல் காப்பாற்றுவது சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அதைக் கேட்க மறந்துவிட்டு விலை உயர்ந்த எதிர்ப்பொருள்களை வரவழைத்துப் பயனில்லை.

ஆட்டத்தையே மாற்றியது 2014. அந்த ஆண்டு பின்லாந்தில் ஒரு குழு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு, இரண்டும் அமிலோபிளாஸ்டோமாவின் மரபணுக்களைத் துழாவி ஒரே இடத்தில் வந்து நின்றன: பிராஃப். செல்லைப் பெருகச் சொல்லும் சங்கிலியில் ஒரு கண்ணி இந்தப் புரதம். அதன் 600-வது இடத்தில் இருக்க வேண்டிய வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமேட் உட்கார்ந்துவிட்டால், அணைக்க முடியாத சுவிட்ச் ஆகிவிடுகிறது. 2002-லேயே மெலனோமா என்னும் தோல் புற்றில் கண்ட பிழை இது. பின்லாந்துக் குழு பார்த்த 24 கட்டிகளில் 15-ல் இருந்தது. கீழ்த்தாடைக் கட்டிகளில் பிராஃப், மேல்தாடைக் கட்டிகளில் பெரும்பாலும் முள்ளெலிப் பாதையைச் சேர்ந்த எஸ்எம்ஓ என்ற இன்னொரு பிழை என்று ஸ்டான்ஃபோர்டுக் குழு காட்டியது. இரண்டு தாடையிலும் ஒரே முகம். கோளாறு மட்டும் வேறு.

மெலனோமாவுக்கு ஏற்கனவே மருந்து இருந்தது. சாயமும் இருந்தது: 2011-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவாக்கிய விஇ-1 என்ற எதிர்ப்பொருள். அது நல்ல பிராஃபைத் தொடாது. 600-வது இடத்தில் மாறிப்போனதை மட்டும் பற்றும். அதாவது, மரபணுச் சோதனைக்கு அனுப்பிக் காத்திருக்காமல் அதே மெழுகுத் துணுக்கில், அதே பழுப்பில், அதே நுண்ணோக்கியில் பதில் தெரிகிறது. டென்டிஜெரஸ் நீர்க்கட்டியில் பொதுவாக இந்த நிறம் ஏறுவதில்லை. மிளகளவு துணுக்கோடு திணறிக்கொண்டிருந்தவருக்கு இது பெரிய கை. நிறம் ஏறாவிட்டால் அமிலோபிளாஸ்டோமா இல்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு கட்டிகளில் இந்தப் பிழை இருப்பதே இல்லை.

முந்தைய புரதங்கள் எல்லாம் பெயரைச் சொன்னவை, வேகத்தைச் சொன்னவை. இது வைத்தியத்தைச் சொல்கிறது. 2015-ல் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த டாக்டர்கள், பலமுறை அறுவை செய்தும் தாடையைத் தாண்டிப் பரவிய அமிலோபிளாஸ்டோமா உள்ள ஒருவருக்கு டாப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற இரு மாத்திரைகளைக் கொடுத்துக் கட்டி சுருங்கியதை வெளியிட்டார்கள். 2022-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தப் பிழை இருந்து அறுவைக்கு எட்டாத பெரும்பாலான கட்டிகளுக்கு, அவை எந்த உறுப்பில் இருந்தாலும், இந்த ஜோடியை அனுமதித்தது. இஸ்ரேலில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கீழ்த்தாடைக் கட்டி உள்ள 11 பேருக்கு முதலில் மாத்திரை கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, எலும்பு திரும்ப வளர்ந்த பிறகு மிச்சத்தை மட்டும் எடுத்துத் தாடையைக் காப்பாற்றிய அனுபவத்தை 2024-ல் வெளியிட்டார்கள்.

பதினோரு பேர் சிறிய கூட்டம்தான். மாத்திரையால் காய்ச்சலும் தோல் கோளாறுகளும் வருகின்றன. எத்தனை மாதம் கொடுப்பது, நிறுத்தினால் கட்டி திரும்புமா என்பதில் தீர்ந்த விதி இல்லை. விலை, கூலி வேலை செய்பவரின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே இந்தியாவில் பெரும்பாலானவர்களுக்கு இன்னும் கத்திதான் வைத்தியம். ஆனால் மேல்தாடையில் மண்டை ஓட்டின் அடிப்பகுதிவரை ஏறிவிட்ட கட்டிக்கும், இரண்டு மூன்று முறை திரும்பிவந்த கட்டிக்கும், கத்தி சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் இந்தப் பழுப்புக் கறை ஒரு வழியைக் காட்டலாம்.

அதற்கு மெழுகுக் கட்டி பத்திரமாக இருக்க வேண்டும். நடைமுறையில் நோயாளிக்குக் கிடைப்பது ஒரு ரிப்போர்ட் காகிதம். அவருடைய திசு பதிந்த மெழுகுக் கட்டியும் தகடும் ஆஸ்பத்திரியின் அலமாரியில் தங்கிவிடுகின்றன. வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போகும்போது காகிதத்தை மட்டும் கொண்டுபோகிறார். அங்கே மறுபடி ஒரு பயாப்ஸி. கேட்டால் பெரும்பாலான இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் கூண்டு, அதில் மெழுகு, மெழுகின் நடுவில் நகக்கண் அளவுக்கு வெளுத்த ஒரு துணுக்கு. வெயிலில் வைக்கக் கூடாது, உருகிவிடும். எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்து ஒரு கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம்.